கோடு கீறுமுன் பேசிக்கொள்ளுங்கள்: கபடியில் பலர் அறியாத விதிகளும் உத்திகளும்

காணி ஆவணம், கிணறு துப்புரவு, வீட்டுத்திட்டப் படிவம் என்று வரும் இந்தக் கையேட்டில் கபடிக்கு எதற்கு இடம் என்று நீங்கள் நினைக்கலாம். ஊர் திரும்பிய பிறகு இளைஞர்கள் கூடும் முதல் இடங்களில் ஒன்று விளையாட்டுத் திடல். அயல் கிராமத்தோடு பழகத் தொடங்குவதும் அங்கேதான், முரண்படத் தொடங்குவதும் பல வேளைகளில் அங்கேதான். கபடியில் வரும் தகராறுகள் எல்லாம் யாரோ ஏமாற்றியதால் வருபவை அல்ல. இரண்டு பக்கமும் தாங்கள் அறிந்த விதிப்படி சரியாகவே விளையாடுகின்றன. அறிந்த விதிதான் ஆளுக்காள் வேறாக இருக்கிறது.

இது எப்படி நேர்ந்தது என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. துறைமுகத்துக்கு எதிரே, கொட்டியாரக் குடாவின் அக்கரையில் உள்ள சம்பூர் மக்கள் 2006 ஏப்ரலில் இடம்பெயர்ந்தார்கள். பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களில் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் பல வருடங்களைக் கழித்தார்கள். 2015 ஆம், 2016 ஆம் ஆண்டுகளில் காணிகள் விடுவிக்கப்பட்ட பிறகே பலரால் ஊருக்குத் திரும்ப முடிந்தது. ஒரே ஊர்ப் பிள்ளைகள் வெவ்வேறு இடங்களில் வளர்ந்தார்கள். முகாமில் கிடைக்கும் இடத்துக்கு ஏற்பத்தான் கோடு கீற முடியும். வேலியே பக்கக் கோடாக இருந்தால் லொபிக்கு இடமேது? இதற்கு மேல் 2014 முதல் தொலைக்காட்சியில் புரோ கபடி லீக் வந்தது, 2017 முதல் அதில் தமிழ் தலைவாஸ் அணியும் விளையாடுகிறது. அந்தப் போட்டிக்கென்று சில விதிகள் தனியாக உண்டு. பழைய விதி, பாடசாலை விதி, தொலைக்காட்சி விதி மூன்றும் ஒரே திடலில் சந்திக்கும்போது சத்தம் எழுகிறது.

ஆகவே, தகராறுக்கு அதிகம் இடம் தரும் விதிகளையும், அவற்றைக் கொண்டு கெட்டிக்கார அணிகள் செய்யும் உத்திகளையும் இங்கே விளக்குகிறோம். முடிவில், போட்டிக்கு முன் இரு அணிகளும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்விகள் உள்ளன.

அளவுகள்

ஆண்களுக்கான திடல் 13 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம். பெண்களுக்கு 12 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம். அகலத்தின் இரு ஓரத்திலும் 1 மீற்றர் அளவுக்கு உள்ள பட்டைதான் லொபி. அது இந்த அகலத்துக்குள் அடங்கும். எனவே தொடுகை நடக்கும் வரை ஆண்கள் விளையாடக்கூடிய அகலம் 8 மீற்றர், பெண்களுக்கு 6 மீற்றர்.

நடுக்கோட்டிலிருந்து ஆண்களுக்கு 3.75 மீற்றரில், பெண்களுக்கு 3 மீற்றரில் ஒரு கோடு உண்டு. பாடிச் செல்பவர் யாரையும் தொடாவிட்டாலும் இந்தக் கோட்டை ஒருமுறையாவது கடந்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். கடக்காமல் திரும்பினால் அவர் அவுட். அதற்கு அப்பால் 1 மீற்றரில் இருப்பது போனஸ் கோடு.

ஒரு அணியில் 7 பேர் திடலில் நிற்பார்கள். ஆண்களுக்கு 20 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள், பெண்களுக்கு 15 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள், இடையில் 5 நிமிட ஓய்வு. ஒரு பாட்டுக்கு 30 விநாடி. பாடுபவர் திரும்பிய பின் அல்லது அவுட் ஆன பின், மற்ற அணி 5 விநாடிக்குள் தன் ஆளை அனுப்ப வேண்டும்.

லொபி: ஆசியப் போட்டியையே நிறுத்திய ஒரு மீற்றர்

தொடுகையோ பிடியோ நடக்கும் வரை லொபி மூடிய பகுதி. நடந்த பிறகு அது திடலின் பகுதியாகிவிடும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். கேள்வி இதுதான்: பாடுபவர் யாரையும் தொடாமலே லொபிக்குள் கால் வைத்துவிட்டார். அவரைத் துரத்திக்கொண்டு பிடிப்பவர்களும் லொபிக்குள் வந்துவிட்டார்கள். யார் அவுட்?

2023 ஒக்டோபர் 7 ஆம் திகதி சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் கபடி இறுதியாட்டம் நடந்தது. இந்தியாவும் ஈரானும் 28-28 என்று சமநிலையில் நின்றன. ஆட்டம் முடிய ஏறத்தாழ ஒரு நிமிடமே இருந்தது. இந்திய அணித்தலைவர் பவன் செராவத் பாடிச் சென்று, தொடுகை இல்லாமல் லொபிக்குள் போனார். ஈரான் வீரர்கள் பலர் அவரைத் தொடர்ந்து உள்ளே வந்தார்கள். பழைய சர்வதேச விதிப்படி பாடுபவரும் அவுட், அவரைத் தொடர்ந்து லொபிக்குள் வந்தவர்களும் அவுட். புரோ கபடி லீக்கில் வந்த புதிய விதிப்படி பாடுபவர் மட்டும் அவுட், ஆட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். எந்த விதி என்று மத்தியஸ்தர்களாலேயே உடனே சொல்ல முடியவில்லை. தீர்ப்பு மாறி மாறி வந்தது. வீரர்கள் விரிப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டம் நெடுநேரம் நின்றது. இறுதியில் பழைய விதி ஏற்றுக்கொள்ளப்பட்டு இந்தியா 33-29 என்று வென்றது.

ஆசியாவின் மிகப் பெரிய மேடையில், காணொளி வசதியும் பயிற்சி பெற்ற மத்தியஸ்தர்களும் இருந்த இடத்தில் நடந்தது இது. இந்த ஒரு கேள்வியை ஆட்டத்துக்கு முன் தெளிவாகத் தீர்த்திருந்தால் அந்தக் குழப்பமே வந்திராது. விசிலும் சுண்ணாம்புக் கோடும் மட்டுமே உள்ள கிராமத் திடலில் இது எவ்வளவு அவசியம் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இதில் ஓர் உத்தியும் இருக்கிறது. பழைய விதியில் விளையாடுவதானால், தொடாமல் லொபிக்குள் விழும் பாடுபவரைத் துரத்தக் கூடாது. கால்களை உள்ளே ஊன்றி அப்படியே நில்லுங்கள். அவர் தானாகவே அவுட் ஆகிவிடுவார். ஆவேசத்தில் பின்னால் பாயும் அணிதான் இழக்கும்.

போனஸ்: பின்னங்கால் எங்கே?

பாடுபவரின் ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டிப் பதியும்போது மற்றக் கால் தரையில் படாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் போனஸ் புள்ளி. இரண்டாவது நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: பிடிக்கும் பக்கத்தில் குறைந்தது 6 பேர் நிற்க வேண்டும். 5 பேராகிவிட்டால் எவ்வளவு அழகாகக் கால் நீட்டினாலும் போனஸ் கிடையாது.

மூன்றாவது விடயம் இன்னும் நுட்பமானது. எதிரணியில் ஒருவரை அவுட் ஆக்கினால் உங்கள் பக்கத்தில் வெளியே இருப்பவர்களில் ஒருவர், அவுட் ஆன வரிசைப்படி, உள்ளே வருவார். போனஸ் புள்ளிக்கு அப்படி யாரும் உள்ளே வரமாட்டார்கள். ஆகவே 4 பேர் வெளியே இருக்கும் அணி போனஸை மட்டும் நம்பிப் பாடினால் புள்ளிப்பலகை ஏறும், ஆள் ஏறாது. முதல் பாதியில் போனஸ், ஆள் குறைந்த பிறகு தொடுகை என்று பயிற்றுவிப்பாளர்கள் சொல்வது இதனால்தான். போனஸ் எடுத்த பிறகு பிடிபட்டாலும் அந்த ஒரு புள்ளி பாடியவருக்கு உண்டு. பிடித்த அணிக்கும் ஒரு புள்ளி கிடைக்கும்.

பாட்டும் வாயும்

“கபடி, கபடி” என்ற பாட்டு மற்றப் பக்கத்துக்குள் கால் வைக்குமுன்பே தொடங்க வேண்டும். உள்ளே போன பிறகு தொடங்கினாலோ, தெளிவாகக் கேட்காவிட்டாலோ மத்தியஸ்தர் திருப்பி அனுப்பலாம். புள்ளியும் பாடும் முறையும் மற்ற அணிக்குப் போகும். அப்படித் திரும்பி வருபவரைத் துரத்திப் பிடிக்கக் கூடாது.

பலர் அறியாத விதி இது: பாடிக்கொண்டிருப்பவருக்கு அவருடைய அணியினர் எச்சரிக்கையோ யோசனையோ சொன்னால் மற்ற அணிக்கு ஒரு புள்ளி. “பின்னால பார்!”, “திரும்பி வா!” என்று கத்துவது நம்மூர்களில் சாதாரணம். விதிநூலைப் படித்த ஒரு மத்தியஸ்தர் வந்தால் அந்தக் கத்தலுக்கு விலை உண்டு. கோட்டுக்கு வெளியே நிற்கும் சனம் கத்துவதை யாராலும் நிறுத்த முடியாது. ஆகவே அணியினர் எவர், பார்வையாளர் எவர் என்று பிரித்து, அணியினரை ஓரிடத்தில் உட்கார வைப்பது நல்லது.

பாடுபவரின் வாயைப் பொத்திப் பாட்டை நிறுத்துவதும், கழுத்தை நெரிப்பதும், இரு கால்களாலும் கத்தரிபோல் இறுக்கிப் பிடிப்பதும் தடை. கையும் காலும் உடலும் மட்டுமே பிடிக்கக்கூடிய இடங்கள். தலைமயிரையோ உடுப்பையோ பிடித்து நிறுத்தினால் பாடியவர் அவுட் இல்லை. வேண்டுமென்றே கோட்டுக்கு வெளியே தள்ளுவதும் இரு பக்கத்துக்கும் தடை. நகம் வெட்டியிருக்க வேண்டும், ஆபரணம் அணியக் கூடாது. வழுக்குவதற்காக உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டு வருவது பழைய தந்திரம், விதி அதையும் மறுக்கிறது.

கடைசி இருவர்: தானாகவே அவுட் ஆகலாமா?

ஒரு அணி முழுவதும் அவுட் ஆனால் எதிரணிக்கு 2 மேலதிகப் புள்ளிகள், அதுதான் லோனா. பிறகு 7 பேரும் திரும்ப வருவார்கள். இந்த இடத்தில் விதிநூல் ஓர் அபூர்வமான கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று அல்லது இரண்டு பேர் மட்டுமே மிஞ்சியிருந்தால், அணித்தலைவர் அவர்களையும் அவுட் என்று அறிவித்துவிட்டு முழு அணியையும் உள்ளே கொண்டுவரலாம். எதிரணிக்கு மிஞ்சியிருந்தவர்களின் எண்ணிக்கையும் அதோடு 2 புள்ளிகளும் கிடைக்கும்.

ஒரு கணக்குப் பாருங்கள். நீங்கள் 20, எதிரணி 26. நான்கு நிமிடம் இருக்கிறது. உங்கள் பக்கம் இருவர். அறிவித்தால் 2 உம் 2 உம் சேர்ந்து 4 புள்ளிகள் போய் 20-30 ஆகிவிடும். பைத்தியக்காரத்தனம்போல் தெரியும். ஆனால் அந்த இருவரும் பின்னர் அவுட் ஆனாலும் இதே 4 புள்ளிகள்தான் போகும். ஒவ்வொரு பாட்டும் 30 விநாடியும் இடையில் 5 விநாடியும் எடுத்தால், 4 நிமிடத்தில் இரு பக்கத்துக்கும் சேர்த்து 7 பாட்டுகளுக்குத்தான் நேரம். அதில் பாதியை இருவரோடு தட்டுத்தடுமாறிக் கழிப்பதா, 7 பேரோடு விளையாடுவதா என்பதுதான் தலைவர் எடுக்க வேண்டிய முடிவு.

மறுபக்கத்தில் யோசிக்க ஒன்று உண்டு. 3 பேரோ அதற்குக் குறைவானவர்களோ பாடுபவரைப் பிடித்தால் ஒன்றுக்குப் பதிலாக 2 புள்ளி என்ற விதி புரோ கபடி லீக்கால் பரவலானது. அந்த விதி உங்கள் போட்டியில் இருந்தால், நல்ல பிடிகாரர் இருவரை உள்ளே வைத்திருப்பதே இலாபமாகலாம்.

முன்னிலையில் உள்ள அணிக்கும் ஒரு தந்திரம் உண்டு. எதிரணியின் கடைசி ஆளை அவசரப்பட்டு அவுட் ஆக்காமல் விட்டுவிடுவது. அவுட் ஆக்கினால் புள்ளி கிடைக்கும், ஆனால் 7 பேர் புதிதாக வந்துவிடுவார்கள். நேரம் குறைவென்றால் ஒரே ஆளோடு அவர்களைக் காத்திருக்க வைப்பதே மேல். பார்ப்பவர்கள் “பயந்து விளையாடுறாங்கள்” என்பார்கள். விதிக்கு உட்பட்ட உத்திதான் அது.

உத்தி முந்தும், விதி பின்வரும்

தொடாமல், பிடிபடாமல், 30 விநாடியையும் கழித்துவிட்டுத் திரும்புவது முன்னிலை அணிகளின் பழைய பழக்கம். ஆட்டம் சலிப்பாகிறது என்பதால் வந்ததுதான், இருமுறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது பாட்டில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பாடுபவர் அவுட் என்ற விதி. தொலைக்காட்சியில் ‘டூ ஓர் டை ரெய்ட்’ என்கிறார்கள்.

வேறு விளையாட்டுகளிலும் இப்படித்தான். நமது பகுதிக் குடும்பங்கள் சிலவற்றுக்கு மெல்பேர்ணில் உறவினர் உண்டு. அங்கே ஊரே பார்க்கும் அவுஸ்திரேலியக் காற்பந்தில் ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரத்து இடைவெளியால் போனால் 1 புள்ளி. நெருக்கடியில் உள்ள காப்பாளர் பந்தைத் தானே தன் கோட்டுக்கு அப்பால் அனுப்பினால் எதிரணிக்கு 1 புள்ளிதான், பந்து திரும்பவும் தன் அணிக்கு. 2008 இறுதியாட்டத்தில் ஹோதோர்ன் அணி இப்படி 11 முறை பந்தை அனுப்பியது. 115-89 என்று ஜீலோங் அணியை வென்றது. எந்த விதியையும் அவர்கள் மீறவில்லை. கிண்ணமும் அவர்களிடமே இருந்தது. ஆனால் 2009 இல், வேண்டுமென்றே அப்படி அனுப்பினால் எதிரணிக்குத் தண்ட உதை என்ற புதிய விதி வந்தது.

அந்த விளையாட்டு பிறந்த கதையும் நமக்குப் பொருந்தும். 1850களின் இறுதியில் மெல்பேர்ணில் காற்பந்து ஆடியவர்கள் வெவ்வேறு பாடசாலைகளில் படித்து வந்தவர்கள். ஒவ்வொருவரும் தன் பாடசாலை விதியே சரி என்றார்கள். 1859 மே மாதத்தில் சிலர் ஒன்றுகூடி 10 விதிகளை எழுதினார்கள். இன்று பெரும் அரங்குகளில் நடக்கும் ஆட்டம் அந்தச் சிறு பட்டியலிலிருந்து வளர்ந்தது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, விதி அனுமதிக்கும் உத்தியைச் செய்தவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லாதீர்கள். பிடிக்கவில்லையா, அடுத்த போட்டிக்கு முன் விதியை மாற்றப் பேசுங்கள். இரண்டாவது, ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றாதீர்கள்.

நாணயம் சுண்டுமுன் கேட்க வேண்டியவை

இரு அணித்தலைவர்களும் மத்தியஸ்தரும் ஒன்றாக நின்று இவற்றுக்கு விடை சொல்லுங்கள். ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி, மூவரும் கையொப்பமிட்டு, புள்ளி எழுதுபவரின் மேசையில் வையுங்கள்.

1. லொபி உண்டா? தொடாமல் லொபிக்குள் போனால் பாடுபவர் மட்டும் அவுட்டா, துரத்தி வந்தவர்களும் அவுட்டா?
2. போனஸ் உண்டா? எத்தனை பேர் நின்றால்?
3. மூவர் அல்லது அதற்குக் குறைந்தோர் பிடித்தால் 1 புள்ளியா, 2 புள்ளியா?
4. மூன்றாவது வெறும் பாட்டுக்கு அவுட் உண்டா?
5. மிஞ்சிய இருவரை அவுட் என்று அறிவிக்கத் தலைவருக்கு அனுமதி உண்டா?
6. நேரத்தை யார் பார்ப்பது? 30 விநாடி முடிந்தது என்று எப்படி அறிவிப்பது?
7. சமநிலை வந்தால் என்ன செய்வது?
8. தீர்ப்பைப் பற்றி மத்தியஸ்தரிடம் யார் பேசலாம்? அணித்தலைவர் மட்டும் என்பதே எங்கள் பரிந்துரை.

மத்தியஸ்தர் இரு கிராமத்தையும் சேராதவராக இருப்பது நல்லது. உங்கள் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள். இரு முனையிலும் கோடு பார்க்க ஒவ்வொருவரை நிறுத்துங்கள். போனஸ் தகராறுகளில் பெரும்பகுதி அதோடு தீரும்.

பெண்பிள்ளைகளுக்குத் தனியாக 12க்கு 8 திடல் கீறுங்கள். ஆண்களின் திடலில் விளையாட வைத்தால் கோடுகள் எல்லாம் பிழைத்துவிடும். அவர்களுக்கும் மேலே உள்ள எட்டுக் கேள்விகளும் பொருந்தும், அவர்களின் தலைவிகளே விடை சொல்லட்டும்.

திடல் தெரியும்போது ஒன்றைக் கவனியுங்கள். மிதிவெடி அகற்றி உறுதிப்படுத்தப்பட்ட காணியில் மட்டும் விளையாடுங்கள். மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகை இருக்கும் பக்கம் போக வேண்டாம். புல்லுச் செருக்கும்போதோ மண் கிண்டும்போதோ சந்தேகமான பொருள் தெரிந்தால் தொடாதீர்கள். வந்த வழியே திரும்பிப் போய்க் கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். பாழடைந்த கிணறு அருகில் இருந்தால் முதலில் அதைச் சுற்றி வேலி கட்டுங்கள். கல்லும் கண்ணாடித் துண்டும் பொறுக்கிய பிறகு மண்ணைக் கொத்தி இளக்குங்கள், முட்டியும் தோளும் தப்பும்.

எட்டு விடைகளும் எழுதிய கொப்பியைப் போட்டி முடிந்ததும் எறிந்துவிடாதீர்கள். அடுத்த முறை அயல் கிராமத்துக்கு விளையாடப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். அவர்களின் கொப்பியையும் பாருங்கள். வேறுபாடுகள் எங்கே என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தப் பத்து நிமிடப் பேச்சைப் பெரியவர்கள் முன்னின்று நடத்தித் தாருங்கள். பிறகு பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.